உளுந்து பக்கத்தில் இருந்தால் மக்காச்சோளத்துக்கு எதிர்ப்புச் சக்தி கூடுமா?

கேள்வி: வணக்கம் மேடம். பெரம்பலூர் பக்கம் எங்களுக்கு மூன்று ஏக்கர் கரிசல் காடு இருக்கிறது. புரட்டாசியில் மழையை நம்பி மக்காச்சோளம் போடுகிறோம். படைப்புழுவுக்காக ஒரு போகத்துக்கு நாலு தடவை மருந்தடிக்கிறோம். மருந்து, கூலி எல்லாம் போக மிச்சம் என்று ஒன்றும் நிற்பதில்லை. ஊடுபயிராக உளுந்து போட்டால் புழு குறையும் என்று வேளாண்மை அலுவலர் சொல்கிறார். அப்பாவோ, "ரெண்டு பயிர் போட்டா புழுவுக்கு ரெண்டு பந்தி வச்ச மாதிரி" என்கிறார். செடிகள் வாசனையால் ஒன்றையொன்று எச்சரிக்கும், பக்கத்துச் செடி கடிபட்டால் இந்தச் செடி உடம்பில் நஞ்சைச் சேர்த்துக்கொள்ளும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். உண்மையா? ஆப்பிரிக்காவில் டெஸ்மோடியம் என்று ஒரு பயிரைப் போட்டு இதே புழுவை விரட்டுகிறார்களாம். அது நம் ஊர் வேலிமசால்தானே? அதையே ஊடுபயிராகப் போடலாமா?

– வாசகர், பெரம்பலூர் மாவட்டம்

பதில்:

அன்புள்ள தம்பி,

நேரடியான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். உளுந்து போடுங்கள். வேலிமசாலை இதற்காகப் போட வேண்டாம். வீடியோவில் சொன்னது பெரும்பாலும் உண்மைதான். ஆனால் அதைக் கேட்டுவிட்டு, பக்கத்தில் ஏதாவது ஒரு பயிர் இருந்தாலே போதும் என்ற முடிவுக்கு வந்துவிடாதீர்கள். எந்தப் பயிர், எவ்வளவு தள்ளி, எப்போது முளைத்தது, யூரியாவும் மருந்தும் எப்படிப் போட்டீர்கள் என்பதெல்லாம் சேர்ந்துதான் மக்காச்சோளத்தின் எதிர்ப்புச் சக்தி கூடுமா குறையுமா என்று தீர்மானிக்கும். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். அப்பாவுக்கும் படித்துக் காட்டுங்கள்.

மக்காச்சோளம் வெறுங்கையோடு நிற்கிற பயிர் இல்லை. இளம் பயிரில் பென்சாக்ஸசினாய்டு என்ற வகைப் பொருட்கள் நிறைய இருக்கின்றன. இலை முழுசாக இருக்கும்வரை இவை ஒரு சர்க்கரையோடு ஒட்டிக்கொண்டு, செடிக்குக் கெடுதல் செய்யாமல் செல்லுக்குள் கிடக்கும். புழு கடித்துச் செல் உடைந்ததும் ஒரு நொதி வந்து அந்தச் சர்க்கரையைக் கழற்றிவிடும். டிம்போவா என்ற நச்சு வெளியே வரும். பல பூச்சிகளுக்கு இது ஆகாது. படைப்புழு இதைச் சமாளித்துவிடுகிறது. தன் குடலுக்குள்ளேயே மறுபடியும் ஒரு சர்க்கரையை ஒட்டி நச்சை முடக்கிக்கொள்கிறது. மக்காச்சோளமும் இந்தப் புழுவும் அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்தவை. இரண்டுக்கும் பல ஆயிரம் ஆண்டுப் பழக்கம். 2016-இல் ஆப்பிரிக்காவிலும், 2018 மே மாதம் கர்நாடகத்தின் சிவமொக்காவிலும் தலைகாட்டி, அதே ஆண்டு உங்கள் மாவட்டத்துக் காடுகளையும் சூறையாடிய பூச்சி, மக்காச்சோளத்தின் முதல் ஆயுதத்துக்கு விடை தெரிந்துகொண்டுதான் வந்திருக்கிறது.

இன்னொன்றும் செய்கிறது. குருத்தைப் பிரித்துப் பார்த்திருப்பீர்கள்: ஈரமும் பழுப்புமாகத் துகள் துகளாக எச்சம் அடைந்து கிடக்கும், அதற்கடியில் புழு சுருண்டு இருக்கும். அந்த எச்சம் வெறும் கழிவு இல்லை. அதிலிருக்கும் சில புரதங்கள் இலைக் காயத்தில் படும்போது, தன்னைத் தாக்குவது பூசணம் என்பதுபோல் செடி வேலை செய்ய ஆரம்பிக்கிறது. புழுவுக்கு எதிரான தற்காப்பு அடங்கிவிடுகிறது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைக் காட்டியிருக்கிறார்கள். ஆக, குருத்துக்குள் புழு போய் உட்கார்ந்த பிறகு செடி தனியாக அதை வெல்லும் என்று எதிர்பார்ப்பது நடக்காத காரியம். அதற்கு முன்னாலேயே தடுக்க வேண்டும். பக்கத்துப் பயிரின் உதவி தேவைப்படுவது அங்கேதான்.

மக்காச்சோளத்தின் இரண்டாவது ஆயுதம் வாசனை. படைப்புழுவின் இனத்தைச் சேர்ந்த ஒரு புழு மக்காச்சோள இலையைக் கடித்தால், சில மணி நேரத்தில் அந்தச் செடி டெர்பீன் வகை ஆவிகளை நிறைய வெளியே விடுகிறது. புழுவின் உடம்பில் முட்டையிடும் சின்னக் குளவிகள் அந்த வாசனையைப் பிடித்துக்கொண்டு வந்துசேர்கின்றன. 1990-இல் இதை முதலில் விளக்கமாகக் காட்டினார்கள். கத்தியால் கீறிய செடி இவ்வளவு வாசனை விடுவதில்லை. புழுவின் எச்சில் பட வேண்டும். எச்சிலில் இருக்கும் வாலிசிட்டின் என்ற பொருள்தான் செடிக்குச் செய்தி சொல்கிறது என்று 1997-இல் கண்டுபிடித்தார்கள்.

கடிபட்ட பிறகு கூப்பிடுவது ஒன்று. கடிபடுவதற்கு முன்பே கூப்பிடுகிற மக்காச்சோளமும் உண்டு. 2011-இல் கென்யாவில் நடந்த ஓர் ஆய்வில், தண்டுத்துளைப்பானின் அந்துப்பூச்சி இலையில் முட்டை வைத்ததுமே லத்தீன் அமெரிக்க நாட்டு ரகங்கள் சில வாசனை விட ஆரம்பித்தன. முட்டையைத் தாக்கும் குளவி, புழுவைத் தாக்கும் குளவி இரண்டுமே அதற்கு வந்தன. அதே சோதனையில் வைத்த வீரிய ஒட்டு ரகங்களில் அந்தக் குணம் இல்லை. விளைச்சலுக்காகத் தேர்ந்தெடுத்துக்கொண்டே வந்ததில் இது கைநழுவிப் போயிருக்கிறது. உங்கள் பகுதியில் விதைப்பது பெரும்பாலும் தனியார் வீரிய ஒட்டு விதை. அதன் விளைச்சலை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஆபத்து வந்ததும் சீக்கிரம் குரல் கொடுக்கத் தெரியாத பயிரை, ஏக்கர் ஏக்கராகத் தனியே நிற்க வைக்கிறோம். ஊடுபயிரைப் பற்றி நான் யோசிக்கத் தொடங்குவது இந்த இடத்திலிருந்து. மக்காச்சோளம் கொடுக்க மறந்த குரலை வேறொரு செடி கொடுக்க முடியுமா?

முடியும் என்று காட்டியது கென்யாதான். நைரோபியைத் தலைமையிடமாகக் கொண்ட இசிபே என்ற பூச்சி ஆராய்ச்சி மையத்தில் ஜியாவுர் கானும், இங்கிலாந்தின் ரோத்தம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தில் ஜான் பிக்கெட்டும் சேர்ந்து 1990-களில் இதை உருவாக்கினார்கள். அவர்களுக்கு அப்போது பிரச்சினை தண்டுத்துளைப்பான். அதில் ஒரு வகை ஆசியாவிலிருந்து அங்கே போனது, நம் சோளத்தையும் துளைக்கிற அதே பூச்சி. மக்காச்சோளத்துக்கு நடுவே மொலாசஸ் புல் என்ற புல்லை வளர்த்தபோது துளைப்பான் தாக்குதல் குறைந்தது, புழுவைத் தாக்கும் குளவிகள் கூடின. காரணம், கடிபட்ட மக்காச்சோளம் விடுகிற அபாய வாசனைகளில் ஒன்றை அந்தப் புல் கடிபடாமலேயே எந்நேரமும் விட்டுக்கொண்டிருக்கிறது. 1997-இல் இது வெளிவந்தது. அப்புறம் டெஸ்மோடியம் என்ற பயறுவகைத் தீவனச் செடியை வரிசைகளுக்கு நடுவிலும், நேப்பியர் புல்லை வயலைச் சுற்றிலும் வைத்தார்கள். நடுவில் இருப்பது தள்ளும், சுற்றிலும் இருப்பது இழுக்கும். நேப்பியர் புல் இருட்டத் தொடங்கும் நேரத்தில், தாய் அந்துப்பூச்சி முட்டை வைக்க இடம் தேடுகிற அந்த முதல் மணி நேரத்தில், தன் பச்சை வாசனையைப் பல மடங்கு கூட்டுகிறது. அங்கே போய் முட்டை வைத்தால், பொரித்த புழு தண்டைத் துளைக்கும்போது பிசுபிசுப்பான சாறு சுரந்து அதைக் கொன்றுவிடுகிறது.

படைப்புழு ஆப்பிரிக்காவுக்கு வந்த பிறகு, வறட்சி தாங்கும் டெஸ்மோடியத்தோடும் பிராக்கியேரியா புல்லோடும் இதே முறையைக் கென்யா, உகாண்டா, தான்சானியா விவசாயிகளின் வயல்களில் வைத்துப் பார்த்தார்கள். 2018-இல் வெளிவந்த முடிவின்படி, தனி மக்காச்சோளத்தைவிட ஒரு செடியிலிருக்கும் புழு எண்ணிக்கை சுமார் 83 சதவீதமும், சேதம் சுமார் 87 சதவீதமும் குறைந்திருந்தன. உங்கள் வீடியோவில் சொன்னது இதைத்தான்.

டெஸ்மோடியம் எப்படி வேலை செய்கிறது என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் வாதம் நடக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். வாசனையால் அந்துப்பூச்சியை விரட்டுகிறது என்பது முதல் விளக்கம். சில ஆண்டுகளுக்கு முன் வந்த ஓர் ஆய்வு, அந்துப்பூச்சி டெஸ்மோடியத்தை வெறுக்கவில்லை, அதன்மேலேயே முட்டையும் வைக்கிறது, ஆனால் இலையிலும் தண்டிலும் இருக்கும் கொக்கி போன்ற நுண்ணிய ரோமங்களில் இளம்புழு மாட்டிக் குத்துப்பட்டுச் சாகிறது என்று சொன்னது. அப்புறம் விவசாயிகளின் வயல்களிலேயே காற்றைப் பிடித்துப் பார்த்தவர்கள், வாசனையும் வருகிறது என்றார்கள். என் கருத்தில் இரண்டுமே வேலை செய்கின்றன. உங்களுக்கு இதில் முக்கியமானது ஒன்றுதான்: அந்த 83 சதவீதம் டெஸ்மோடியத்தின் வாசனை, ரோமம், வேர் எல்லாம் சேர்ந்து கொடுத்தது. அந்தக் கணக்கை அப்படியே தூக்கி உளுந்துக்கோ வேறு செடிக்கோ கொடுக்க முடியாது.

அதனால்தான் வேலிமசால் வேண்டாம் என்றேன். வேலிமசாலின் தாவரப் பெயர் டெஸ்மாந்தஸ். பெயர் ஒலிப்பு ஒத்துப்போவதால் பலரும் குழம்புகிறார்கள். இரண்டும் பயறுவகைக் குடும்பம், இரண்டும் தீவனம், அதோடு ஒற்றுமை முடிந்தது. வேலிமசால் உயரமாக வளர்ந்து பல ஆண்டு நிற்கும் செடி. மானாவாரிக் கரிசலில் வரிசைக்கு நடுவே வைத்தால் ஈரத்தை அதுவே எடுத்துக்கொள்ளும். மாட்டுக்கு வேண்டுமென்றால் வரப்போரம் தனியாக வையுங்கள், அருமையான தீவனம். டெஸ்மோடியத்தின் வேர் இன்னொரு வேலையும் செய்கிறது: சுடுமல்லி என்ற ஒட்டுண்ணிக் களையை முளைக்க வைத்து, பயிரின் வேரில் ஒட்டவிடாமல் செய்கிறது. கென்யா விவசாயிகள் இந்த முறையை விரும்பி ஏற்றதற்கு அதுவும் ஒரு பெரிய காரணம்.

சரி, நம்மிடம் இருப்பவை உளுந்து, பாசிப்பயறு, தட்டைப்பயறு. இவற்றால் மக்காச்சோளத்தின் வேதியியலில் என்ன மாற முடியும்?

செடி செடிக்குச் சொல்வது என்று வீடியோவில் கேட்டது முதலில். புல்லை வெட்டும்போது வருகிற பச்சை வாசனை உங்களுக்குத் தெரியும். காயம்பட்ட எந்தப் பச்சை இலையும் அதே வகை வாசனையை விடும். 2004-இல் மக்காச்சோள நாற்றுகளை இந்த வாசனையில் வைத்துப் பார்த்தார்கள். வாசனை பட்டதும் நாற்று உடனே நஞ்சைச் சேர்த்துக் குவித்துவிடவில்லை. ஆயத்தமாக மட்டும் இருந்தது. பிறகு உண்மையாகவே காயம்பட்டு எச்சில் பட்டபோது, ஜாஸ்மோனிக் அமிலம் என்ற தற்காப்பு ஹார்மோனை மற்ற நாற்றுகளைவிட அதிகமாகச் சுரந்தது, குளவியைக் கூப்பிடும் வாசனையையும் அதிகமாக விட்டது. இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். நஞ்சு தயாரிப்பது செடிக்குச் செலவு. அந்தச் செலவை முன்கூட்டியே செய்தால் கதிர் சிறுக்கும். ஆயத்தமாக இருப்பதற்குச் செலவு குறைவு.

கடிபடாத அண்டைச் செடியின் சாதாரண வாசனைகூட இதைச் செய்யலாம். ஸ்வீடனில் வெங்காயத்தின் பக்கத்தில் வளர்த்த உருளைக்கிழங்கு, தன் சொந்த வாசனையையே மாற்றிக்கொண்டது. மாறிய வாசனை அசுவினிக்குப் பிடிக்கவில்லை. மண்ணுக்கடியிலும் நடக்கிறது. 2013-இல் பிரிட்டனில் மொச்சை இனச் செடிகளை வைத்துச் செய்த சோதனையில், வேர்ப்பூசண இழைகளால் இணைந்திருந்த செடிகளில் ஒன்றை அசுவினி தாக்கியபோது, தாக்கப்படாத மற்றவையும் அசுவினியை விரட்டும், குளவியை இழுக்கும் வாசனையை விட்டன. இழைத் தொடர்பை அறுத்தால் அது நடக்கவில்லை.

கென்யாவில் இதைவிட நீண்ட கால விளைவு ஒன்றையும் பார்த்தார்கள். டெஸ்மோடியம் ஊடுபயிராக இருந்த வயல் மண்ணையும் தனி மக்காச்சோள மண்ணையும் தொட்டியில் எடுத்து, இரண்டிலும் மக்காச்சோளத்தை வளர்த்தார்கள். ஊடுபயிர் மண்ணில் வளர்ந்த செடியில் பென்சாக்ஸசினாய்டு அதிகம். தொட்டியில் ஊடுபயிர் இல்லை, அது பழகிய மண் மட்டும்தான் இருந்தது. 2019-இல் வெளிவந்த இந்த ஆய்வைப் படித்த பிறகு, ஊடுபயிரை ஒரு பருவத்துக் கணக்காகப் பார்ப்பதை நான் விட்டுவிட்டேன். முதல் வருடம் பெரிய வித்தியாசம் தெரியாவிட்டால் உடனே நிறுத்தாதீர்கள் என்று எல்லா விவசாயிகளிடமும் சொல்கிறேன்.

தட்டைப்பயறைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் படைப்புழுவுக்கும் அதற்கும் இடையில் நடப்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். படைப்புழு தட்டைப்பயறு இலையைத் தின்னும்போது, இலையின் பசுங்கணிகத்தில் இருக்கும் ஒரு புரதம் புழுவின் குடலில் துண்டாகிறது. அதில் ஒரு துண்டு, 11 அமினோ அமிலம் மட்டுமே நீளமுள்ளது, புழுவின் எச்சிலோடு திரும்ப இலைக்கு வந்துசேர்கிறது. தன் புரதமே உடைந்து புழுவின் வாய்வழியாக வருவதைத் தட்டைப்பயறு அடையாளம் கண்டுகொள்கிறது. உடனே தற்காப்பு ஹார்மோன்கள் ஏறுகின்றன, வாசனை கிளம்புகிறது. அந்தத் துண்டுக்கு இன்செப்டின் என்று 2006-இல் பெயர் வைத்தார்கள். அதை உணர்கிற ஏற்பியை 2020-இல் கண்டுபிடித்தார்கள். அந்த ஏற்பி தட்டைப்பயறு, பீன்ஸ் போன்ற பயறுகளில் இருக்கிறது, மக்காச்சோளத்தில் இல்லை. போதாததற்குத் தட்டைப்பயறின் பூங்கொத்துக் காம்பில் தேன் சுரப்பிகள் உண்டு; எறும்பும் குளவியும் அதைத் தேடி வரும். காலை நேரத்தில் ஒரு காம்பை உற்றுப் பார்த்தால் உங்களுக்கே தெரியும்.

அப்படியென்றால் தட்டைப்பயறையே நடுவில் போடலாமே என்று கேட்பீர்கள். நான் வரப்பில்தான் போடச் சொல்வேன். கடிபட்ட தட்டைப்பயறு விடுகிற அந்த வாசனை, இப்போதுதான் பொரித்த படைப்புழுக் குஞ்சுகளையும் இழுக்கிறது என்று 2008-இல் வந்த ஒரு ஆய்வு சொல்கிறது. ஒரே வாசனையைக் குளவியும் கேட்கிறது, புழுவும் கேட்கிறது. வெளியே இழுக்கும் வேலையை வரப்பில் வைத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். படைப்புழுவுக்கு வரப்புப் பயிராகத் தட்டைப்பயறு, எள், சூரியகாந்தி போன்றவற்றையும், ஊடுபயிராக உளுந்து, பாசிப்பயறையும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்வதும் இதற்கு ஒத்துப்போகிறது. துவரையையும் வரப்புக்குச் சொல்வார்கள். உங்கள் காட்டில் கதிர்ப்புழுத் தொல்லையும் இருந்தால் துவரையைத் தவிர்த்துவிடுங்கள். கதிரைத் தின்னும் அந்தப் பச்சைக் காய்ப்புழு துவரைக் காயையும் தின்னும்.

உளுந்தின் பங்கு வேறு. படைப்புழுக் குஞ்சு பொரித்ததும் நூல் விட்டுக் காற்றில் ஆடி அடுத்த செடிக்குப் போகும். தனி மக்காச்சோளத்தில் எங்கே போய் விழுந்தாலும் சாப்பாடு. நடுவில் உளுந்து இருந்தால் ஒரு பகுதி அதன்மேல் விழும். அப்பா சொல்கிற இரண்டாவது பந்தி இதுதான். படைப்புழு 350-க்கும் மேற்பட்ட செடிகளைத் தின்னும் என்று பட்டியல் இருப்பதால் அவர் கவலை நியாயமானது. ஆனால் பட்டியலில் இருப்பது வேறு, அந்தச் செடியில் நன்றாக வளர்வது வேறு. நம் வயல்களில் அது பெரும்பாலும் வாழ்வது மக்காச்சோளத்திலும் சோளத்திலும்தான். உளுந்தில் விழுந்த குஞ்சுக்கு ஒளிய குருத்து இல்லை. வெயில், எறும்பு, சிலந்தி, தரைவண்டு எல்லாவற்றையும் தாண்டி அது மறுபடி மக்காச்சோளத்துக்கு ஏற வேண்டும். உகாண்டாவில் பீன்ஸ், சோயா, நிலக்கடலையை ஊடுபயிராகப் போட்ட மக்காச்சோளத்தில் படைப்புழு குறைந்ததும், முக்கியமாக இளம்பயிர்க் காலத்தில் குறைந்ததும் பதிவாகியிருக்கிறது. டெஸ்மோடியம் முறை அளவுக்கு இல்லை, ஆனாலும் குறைந்தது.

இனி, ஊடுபயிர் கெடுதலாகப் போகும் இடத்துக்கு வருகிறேன். இதைப் பலரும் சொல்வதில்லை. நெருக்கமாக நிற்கும் பச்சை இலைகள் சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொண்டு, அதற்கடுத்த தொலைசிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்பும். நிழல் விழும் முன்பே, அந்த ஒளி மாற்றத்தை வைத்துப் பக்கத்தில் போட்டிக்கு ஆள் வந்துவிட்டது என்று செடி தெரிந்துகொள்கிறது. வெயில் விரும்பும் பல செடிகள் அப்போது உயரம் போவதற்குச் சத்தைத் திருப்பிவிட்டு, ஜாஸ்மோனிக் அமிலத்தின் வேலையைக் குறைத்துக்கொள்கின்றன. அதாவது, துணைக்கு வைத்த பயிரே மிக நெருங்கினால் தற்காப்பைக் குறைத்துவிடும். உங்கள் வயலில் இதில் முதலில் பாதிக்கப்படப்போவது உளுந்து. மக்காச்சோளம் மேலே போனதும் அதன் நிழலில் உளுந்து நோஞ்சானாகும். விதை மீந்துபோகிறதே என்று மக்காச்சோளத்தை நெருக்கிப் போடுகிற பழக்கம் இரண்டையும் கெடுக்கும்.

யூரியாவும் அப்படித்தான். தழைச்சத்து மிஞ்சிய இலை புழுவுக்கு மென்மையான, புரதம் நிறைந்த தீனி. மழை பெய்கிற ஒவ்வொரு தடவையும் ஒரு கை வீசுவதை நிறுத்துங்கள். மண் பரிசோதனை அட்டையில் இருக்கும் அளவை அடியுரம், மேலுரம் என்று பிரித்துப் போட்டால் போதும். மருந்து விஷயம் இன்னும் முக்கியம். வாசனை கூப்பிட்டு வந்த குளவியை, நாள் கணக்கு வைத்து அடிக்கிற மருந்து கொன்றுவிட்டால், செடி செய்த வேலை வீண். நாலு தடவை மருந்தையும் அப்படியே வைத்துக்கொண்டு உளுந்தை மட்டும் சேர்த்தால், உளுந்து விளைச்சல்தான் லாபமாக நிற்கும், புழு விஷயத்தில் ஒன்றும் மாறாது.

உங்கள் மூன்று ஏக்கருக்கு நான் சொல்வது இது. கோடை மழையில் ஓர் ஆழ உழவு போடுங்கள், மண்ணிலிருக்கும் கூட்டுப்புழு மேலே வந்து காயும். கடைசி உழவில் ஏக்கருக்கு 100 கிலோ வேப்பம் புண்ணாக்கு. முதல் நல்ல மழையிலேயே நாலு பக்க வரப்பிலும் இரண்டு மூன்று வரிசை தட்டைப்பயறு ஊன்றிவிடுங்கள்; மக்காச்சோளம் முளைக்கும்போது அது இலைவிட்டு நிற்க வேண்டும். மக்காச்சோளத்தை வரிசைக்கு வரிசை 60 செ.மீ., செடிக்குச் செடி 25 செ.மீ. வைத்து, பத்து வரிசைக்கு ஒரு தடவை 75 செ.மீ. இடைவெளி விடுங்கள். வெளிச்சத்துக்கும் நல்லது, உள்ளே நடந்து பார்க்கவும் வசதி. இரண்டு மக்காச்சோள வரிசைக்கு நட்டநடுவில் ஒரே ஒரு வரிசை உளுந்து, அதே நாளில் விதைக்க வேண்டும். இரண்டு வாரம் கழித்துப் போட்டால், புழு முக்கியமாகத் தாக்குகிற நாட்களில் உளுந்து இருந்தும் இல்லாத மாதிரிதான். மஞ்சள் தேமல் நோயைத் தாங்கும் வம்பன் 8 போன்ற ரகமாக எடுங்கள், ரைசோபியம் என்ற நுண்ணுயிர் உரத்தைக் கலந்து விதையுங்கள்.

களைக்கொல்லியில் கவனம். மக்காச்சோளத்துக்கு வழக்கமாக அடிக்கிற அட்ரசினை இந்தத் தடவை தொடவே கூடாது, உளுந்து முளையிலேயே கருகிவிடும். இரண்டுக்கும் ஒத்துவரும் பென்டிமெத்தலினை, விதைத்த மூன்று நாளுக்குள் மண்ணில் ஈரம் இருக்கும்போது அடியுங்கள். கடைக்காரர் "எல்லாத்துக்கும் இதுதான் சார்" என்று கொடுப்பதை வாங்கி வராமல், டப்பாவில் மருந்தின் பெயரைப் படித்துப் பார்த்து வாங்குங்கள்.

முளைத்த ஏழாம் நாளிலிருந்து வாரத்துக்கு இரண்டு தடவை வயலுக்குள் நடங்கள். ஐந்து இடத்தில், இடத்துக்கு இருபது செடி பாருங்கள். இலையில் பச்சையைச் சுரண்டி வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தால் குஞ்சுப்புழு. சாம்பல் நிற ரோமம் போர்த்திய முட்டைக் குவியல் கண்ணில் பட்டால் கையாலேயே நசுக்கிவிடலாம். ஏக்கருக்கு ஐந்து இனக்கவர்ச்சிப் பொறி வைத்தால் அந்துப்பூச்சி வரும் நாள் தெரியும். 100 செடியில் ஐந்து செடியைத் தொட்டதும் வேப்பங்கொட்டைச் சாறு 5 சதவீதம் அடியுங்கள். குருத்து நிற்கும் காலத்தில் பத்து செடியைத் தாண்டினால் மட்டும் எமாமெக்டின் பென்சோயேட், லிட்டருக்கு 0.4 கிராம், சாயந்தரத்தில், குருத்துக்குள் விழும்படி. உளுந்தின் மேலும் தட்டைப்பயறு வரப்பிலும் அடிக்க வேண்டாம். அங்கேதான் குளவிகள் தங்கும்.

புழுவைப் பார்க்கும்போது இறந்த புழுவையும் எண்ணுங்கள். அடைமழைக் காலத்தில் இலைமேல் விறைத்து, முதலில் வெள்ளை பூத்து அப்புறம் வெளிர்பச்சையாக மாறிய புழுக்கள் கிடக்கும். அது நொமூரியா என்ற பூசணத்தின் வேலை. புழுவுக்குப் பக்கத்தில் சின்னக் கூடு ஒட்டியிருந்தால் குளவி வந்துபோயிருக்கிறது. உயிரோடு இருக்கும் புழுவுக்கு இணையாக இந்த மாதிரிச் செத்தவை தென்படத் தொடங்கினால், எண்ணிக்கை எல்லையைத் தொட்டிருந்தாலும் மூன்று நாள் பொறுத்து மறுபடி எண்ணிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

அப்பாவுக்குத் தயக்கமாக இருந்தால் முதல் வருடம் ஒரு ஏக்கரில் மட்டும் போடுங்கள், அந்த ஏக்கரின் மருந்துச் செலவைத் தனி நோட்டில் எழுதுங்கள். அந்துப்பூச்சி மைல் கணக்கில் பறக்கும் என்பதால், மற்ற இரண்டு ஏக்கரும் பக்கத்துக் காடுகளும் தனிப் பயிராக இருக்கும்வரை முழுப் பலன் தெரியாது. பக்கத்துக் காட்டுக்காரர் இரண்டு பேரையாவது சேர்த்துக்கொள்ள முடிந்தால் நல்லது.

உளுந்து 65 முதல் 75 நாளில் முற்றிவிடும், மக்காச்சோளத்துக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கும். வழக்கம்போல வேரோடு பிடுங்காமல், அடியில் அரிவாளால் அறுத்து எடுங்கள். வேரும் அதைச் சுற்றிய மண்ணும் அப்படியே கிடக்கட்டும், அடுத்த வருட மக்காச்சோளம் அந்த மண்ணில்தான் முளைக்கப்போகிறது.